டாக்டர் முன்னால் சிரிக்கக் கூடாது

போன தடவை மானத்தை வாங்கியது அந்தச் சிரிப்புதான். வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு விழுகிற சின்னப் பெண், டாக்டர் தன் வயிற்றில் கை வைத்ததும் கிச்சுகிச்சு தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள்.

"குழந்தை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியாத் தூங்கணும்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

மறுபடி அவரைப் பார்க்க நாள் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதையும் கோட்டைவிட்டால் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. எனவே அம்மா பயிற்சியில் இறங்கினாள். தையல் கடையில் நாள் முழுக்கக் காஜா போட்டு ஓய்ந்து வந்தாலும், இஞ்சு டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டாக்டராகிவிடுவாள். வாலு என்று செல்லப்பெயர் பெற்ற அந்தப் பெண் கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும்.

"இங்க வலிக்குதா?"

வாலு நெளிந்து சிரித்தாள். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"சிரிச்சா கிள்ளுதான். வலிக்குதுன்னு சொல்லு."

"இப்ப வலிக்கலையேம்மா."

"உனக்கு வலிக்கிற நேரம் பார்த்தா அவர் வருவார்? எங்க தொட்டாலும் வலிக்குதுன்னு சொல்லணும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, நாடகத்துல சேக்கப் போறியா?" என்றார் அப்பா.

"நீங்க பேசாம இருங்க. பல்லைக் காட்டுற புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

தொடை கன்றிப்போனதே தவிர, பாடம் ஏறிவிட்டது. பாழாய்ப்போன பாடம், நன்றாகவே ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றின் வலப்பக்கம் அழுத்தினார். வலிக்குது என்றாள் வாலு. இடப்பக்கம். வலிக்குது. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு முழங்கையைத் தொட்டார். வலிக்குது. காது மடலைத் தொட்டார். அதுவும் வலித்தது. சிரிப்பென்றால் மருந்துக்கும் இல்லை. முடிந்ததும் அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"சரியா சொன்னேனாம்மா?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். "பெத்த பிள்ளைக்குப் பொய் சொல்லவா கத்துக் கொடுப்பாங்க? வெளியில நெஜமாவே முடியாத குழந்தைங்க காத்துட்டிருக்கு. இனிமே இங்க வராதீங்க."

அம்மா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவமானம் உடம்பெல்லாம் எரிந்தது. அதை இறக்கிவைக்கப் பக்கத்தில் இருந்தது பிள்ளை ஒன்றுதான்.

"என் மூக்கை அறுத்துட்டல்ல? இனிமே வலிக்குதுன்னு வாயைத் திற, அப்ப இருக்கு உனக்கு."

பாதி வழியில் வாலுவின் முழங்கால்கள் மெல்ல மெல்ல வயிற்றோடு ஒட்டின. நெற்றியெல்லாம் வியர்வை. கடித்த உதடு வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வலிக்குதாடி?" என்று கேட்டபடி கையை நீட்டினாள்.

வாலு இரண்டு கையாலும் தொடையை மூடிக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றாள்.