மருமகன் கொண்டுபோன மீன்

வங்காளத்தில் மருமகன்களுக்கென்றே வரும் ஜாமாய் சஷ்டிப் பண்டிகையன்று மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகிற மருமகன்கள் ஆளுக்கொரு பெரிய ரோகு மீனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சுபல் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்த வீட்டில் சிரிப்புத்தான். நைஹாட்டியில் மீன்குஞ்சு வியாபாரம் அவனுக்கு. அலுமினியப் பானைகளில் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மூச்சு முட்டாமலிருக்க வழிநெடுக உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே ரயிலில் போவான். மனைவி காஜலின் வீட்டில் அவனுக்குப் 'பானைதட்டி' என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவன் காதில் விழாமலும் இருந்ததில்லை.

இந்த வருடம் மாமியார் நிருபமாவே சொல்லி அனுப்பினாள்: "குளத்தைத் தூர் வாரியாச்சு. மாப்பிள்ளை இனிப்பெல்லாம் வாங்க வேண்டாம், குஞ்சு கொண்டுவரட்டும்."

சுபலுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் தண்ணீரை அசுத்தம் செய்யாதபடி முன்கூட்டியே பட்டினி போட்டு, துடியான ரோகு குஞ்சுகளாகப் பார்த்து ஆறு பானை நிரப்பினான். ஒரு பானை செத்துப்போனாலும் அந்தப் பெயர் ஆயுசுக்கும் தன்னை விடாது என்று அவனுக்குத் தெரியும்.

ரயிலில் போயிருந்தால் கவலையில்லை. மச்சினன் பிஷு புது வேனோடு வாசலில் வந்து நின்றான்.

"ரயில்ல எதுக்கு மச்சான் இடிபடணும்? புது ரோடு போட்டிருக்கான். தொட்டில்ல வச்ச மாதிரி கொண்டுபோறேன்."

சொன்னபடியே ஓட்டினான் பாவி. வண்டி குலுங்கவே இல்லை. ரயிலில் பாதி வேலையை ரயிலின் ஆட்டமே செய்துவிடும் என்பது சுபலுக்கு அப்போதுதான் உறைத்தது. காஜலும் புதுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டினாள். இருந்தும் ஆறு பானைக்கு நாலு கைதானே. மிச்ச இரண்டு பானைகளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சுபல் முன்பக்கம் எக்கிக் கத்தினான்.

"பிஷு, பழைய வாய்க்கால் ரோட்டுல திருப்பு."

"அது ரோடே இல்ல மச்சான், வெறும் பள்ளம்!"

"அந்தப் பள்ளம்தான் வேணும். ஒண்ணு விடாம எறக்கு."

"புது வண்டி மச்சான்! நேத்துதான் பூஜை போட்டேன்."

"டேய்," என்றாள் காஜல், "நீ ஓட்டின வண்டியில ஏறினவங்க ஒருத்தராவது இடுப்பு வலி இல்லாம எறங்கியிருக்காங்களா? இன்னிக்குன்னு பார்த்து உனக்கு ஒழுங்கா ஓட்டத் தோணுதா? திருப்புடா!"

திருப்பினான். முதல் பள்ளத்திலேயே காஜலின் தலை கூரையில் இடித்தது. ஆறு பானைகளிலும் தண்ணீர் சளக் சளக்கென்று அலைந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிஷு "ஐயோ" என்றான், சுபல் "ஆஹா" என்றான். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் வாயை மூடிக்கொண்டு அடியில் இறங்கின.

அங்கே நிருபமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருந்தாள். மருமகன்களை விசிறியால் விசிறி வாழ்த்தி, கையில் மஞ்சள் நூல் கட்டிய பிறகுதான் அவள் சாப்பிடலாம். சுபலோ வந்ததும் வராததுமாகப் பானைகளோடு குளத்தில் இறங்கிவிட்டான். பானைத் தண்ணீரின் சூடும் குளத்துத் தண்ணீரின் சூடும் ஒன்றாகும்வரை பானைகளை மிதக்கவிட வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. இப்ப விட்டுட்டு வந்தா எல்லாம் போயிடும்."

பட்டு ஜிப்பாவில் கரையில் நின்ற மூத்த மருமகன், "உசுரோடதான் இருக்கா, இல்ல கருவாடா?" என்று சிரித்தார்.

நிருபமா படியிறங்கி, ஒரு பானைக்குள் கையை விட்டுத் தண்ணீரைச் சுழற்றினாள். செத்ததும் சோர்ந்ததும் சுழலோடு போய் நடுவில் சேரும். இவை முகத்தைத் திருப்பிக்கொண்டு சுழலை எதிர்த்து நீந்தின. ஆறு பானையிலும் சுழற்றிப் பார்த்தாள்.

"காஜல், விசிறியையும் நூலையும் இங்கயே கொண்டா."

முழங்கால் தண்ணீரில் நின்று, நனைத்த பனைவிசிறியால் மருமகனுக்கு விசிறி வாழ்த்தினாள். பிறகு பானைகளுக்கும் விசிறினாள்.

"ஒரு மாப்பிள்ளைதான் வருவார்னு நெனச்சேன். இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்காரே, யாரை விடறது?"

சுபலுக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் கட்ட இடது கையை நீட்டினான். வலது கை அவனையறியாமல் இன்னும் பானையில் தட்டிக்கொண்டிருந்தது.

"அது வேண்டாம்," என்றாள் நிருபமா. "தட்டுற கையைக் குடுங்க மாப்பிள்ளை."