பார்பரா இரும்பில்லையாம்

எர்வினின் இடுப்புப் படம் திரையில் ஏறியதும் ஸ்கேன் அறையிலிருந்த கொர்னேலியா நாற்காலியை முன்னால் இழுத்தாள். எலும்பு தெரிய வேண்டிய இடமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள்.

நிலக்கரிச் சுரங்கத்தில் தேய்ந்துபோன அந்த இடுப்புக்கு உலோக மூட்டு வைத்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது நடக்கவிடாத வலி. ஏற்கனவே பல தடவை சி.டி. ஸ்கேன் எடுத்துக் கதிர்வீச்சு ஏறிய உடம்பு. அதனால் குறைந்த கதிரில் எடுத்து, உலோகம் வீசும் கீற்றுகளைக் கணினியால் துடைக்கப் பார்த்தாள். அந்த முறையைச் சீர்படுத்தத்தான் மாதக்கணக்காக மாரடிக்கிறாள்.

"போதும் கொர்னேலியா," என்றார் தலைமை மருத்துவர் லெஷ்னிக். "இதுல ஒண்ணும் தெரியல. திறந்து பாத்துடலாம்."

"நுரையீரல் பூரா கரித்தூசி டாக்டர். மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பாரா?"

"அதுக்காக இந்தப் படத்தோட மல்லுக்கட்டுவியா?"

"கட்டுறேன். நீங்க சாப்பிட்டு வாங்க."

அவர் போனதும் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனாள், ஒழுகுகிற கூரையில் ஈரம் வந்த வழியே ஓட்டையைத் தேடுகிற மாதிரி. மூட்டிலிருந்து கிளம்பியதைக் கணினி ஒழுங்காகத்தான் துடைத்திருந்தது. மிஞ்சியதெல்லாம் தோலுக்கு வெளியே ஒரு புள்ளியில் போய்க் கூடியது. எலும்புக்குள் இருக்கும் உலோகத்தைத் தேடத்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்!

நேரே எர்வினிடம் போனாள். "இரும்பு எல்லாத்தையும் கழட்டச் சொன்னேனே ஐயா?"

"பெல்ட்டு, வாட்ச்சு, பல்செட்டு எல்லாம் கழட்டியாச்சு தாயி. இனி தோலைத்தான் உரிக்கணும்."

"இடுப்புல என்ன?"

உள்ளாடை மடிப்பைப் புரட்டிக் காட்டினார். ஊக்கில் ஒரு சின்னப் பதக்கம். சுரங்கத்தில் இறங்குகிறவர்களைக் காக்கிற புனித பார்பரா.

"இது இரும்பா? இவ பார்பரா!"

"கழட்டுங்க."

"இவ இல்லாம ஒருநாளும் கீழ இறங்கினதில்ல. அந்த மிஷின் பொந்துக்குள்ள மட்டும் தனியா போகணுமாக்கும்?"

கொர்னேலியா பதக்கத்தை வாங்கித் தன் வெள்ளைக் கோட்டில் குத்திக்கொண்டாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்போம். ரெண்டு பேரும் உங்களையேதான் பாத்துட்டு இருப்போம்."

கிழவர் முனகிக்கொண்டே படுத்தார்.

"மறுபடியுமா?" வாயைத் துடைத்தபடி வந்தார் லெஷ்னிக்.

"ரெண்டு தடவைக் கதிரும் சேந்தாலும், பழைய முறையில ஒரு தடவைக்கு ஆகுறதுல பாதிகூட வராது டாக்டர்."

படம் வந்தது. உலோகத்தைச் சுற்றி எலும்பு இறுகப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே, தொடையெலும்பில், மயிரிழை போல ஒரு விரிசல். வலி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

லெஷ்னிக் திரையோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "மூட்டு தளரல. கத்தி வேண்டாம். ஊன்றுகோலும் ஓய்வும் போதும்," என்று நிமிர்ந்தவர், "உன் மல்லுக்கட்டு தொடரட்டும்," என்றார்.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோலுக்கு வெளியேயும் தேடும்படி கணினிக்குச் சொல்லிவைத்தாள். அடுத்து நொண்டிக்கொண்டு வந்தவரும் சுரங்கக்காரர்தான். இரும்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"ஐயா, பார்பராவை எங்க வச்சிருக்கீங்க?"