கயிற்றின் கடைமுனை

மேற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நீரருந்த வந்த நெடுங்கழுத்துக் கொக்குகள் போல் இருளில் நின்றிருக்க, கிழக்கே ஒருகொடவத்தைக் கிடங்குகளின் தகரக் கூரைகள்மேல் செம்மை மெல்லப் படர, கிறித்தவப் பெருங்கோயில் மணியும் முருகன் கோயிற் சேமக்கலமும் பள்ளிவாசலின் அழைப்பும் ஒன்றையொன்று இடறாமல் அடுத்தடுத்து எழுந்தடங்கிய விடியற்பொழுதில், கொழும்பு, கொட்டாஞ்சேனையின் சரிவான சந்து ஒன்று கண்விழித்தது. குழாயடியில் வாளிகள் வரிசை பிடித்தன. அடுப்புப் புகையும் வடிகாலின் வீச்சமும் கடலின் உவர்ப்பும் கலந்து அச்சந்துக்கே உரிய மணமாயின. அழகிய இடமென்று எவரும் சொல்லார். ஆயினும், நற்றமிழ் அறிந்தீர், அங்கு வாழ்வோரின் தோள்களை ஒருமுறை கண்டால், புறக்கோட்டைச் சந்தையின் மூட்டைகள் எவர்மேல் ஏறி இறங்குகின்றன என்பது உமக்கு விளங்கிவிடும்.

அச்சந்தில் வாழ்ந்தவள் பாக்கியலெட்சுமி. நாற்பத்தைந்தைக் கடந்தவள், புறக்கோட்டையில் வெங்காயம் தரம் பார்த்துப் பிரிப்பவள், கைவண்டிக்காரன் செல்லையாவின் மனையாள். சித்திரைப் புத்தாண்டுதோறும் நடக்கும் கயிறிழுப்பில், சந்துப் பெண்கள் அணியின் கடைசியில் கயிற்றைத் தோளின் குறுக்கே இட்டு, குதிகாலை மண்ணிற் புதைத்து, வேரோடிய மரம் சாய்ந்ததுபோல் பின்சாய்ந்து கிடப்பவள் அவளே. முன்னிற்போர் வழுக்கினும் அவள் வழுக்காள். வெள்ளவத்தை அணியினர் களத்தில் இறங்குமுன்னே, "பாக்கியம் நிக்கிறாவா?" என்று கேட்டறிந்த பின்னரே கயிற்றைத் தொடுவர். கூலி தராத மதிப்பை அந்தக் கடைமுனை அவளுக்குத் தந்திருந்தது. பின்னர் கருப்பையில் கட்டி கண்டு, கருப்பையையே அறுத்தெடுத்தனர். இரண்டு புத்தாண்டுகள் அவள் ஓரத்தில் அமர்ந்து கைதட்டினாள். அவள் நின்ற இடத்தில் ரதி என்னும் இளையாள் நின்றாள்.

தை பிறந்தபோது மருத்துவர், "இனி நீங்கள் பாரம் தூக்கலாம், ஆனால் மெல்ல மெல்ல" என்றார். அவ்வுரையின் முன்பாதியை மட்டுமே பாக்கியம் செவியில் வாங்கினாள்.

கடைமுனை நிற்பவளுக்கு அச்சந்தினர் வகுத்த பயிற்சி தனித்தன்மையது. செல்லையாவின் வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சரிவில் நிறுத்தி, வண்டியிற் பிணைத்த கயிற்றை மேட்டில் நிற்பவள் தாங்க, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்துவிடுவர். வண்டி கீழே உருளாமல் நிறுத்துவதே பயிற்சி.

"எத்தனை மூட்டை?" என்றான் செல்லையா.

"எப்பவும் போல, வண்டி நெறைய."

"ஒன்னுலேருந்து ஆரம்பிச்சா என்னா?"

"நான் என்னா பச்சப் புள்ளையா? கல்லை எடு!"

கல் அகன்றது. அடுத்த கணம், அறுபட்ட பட்டத்தின் வால்போல் பாக்கியம் வண்டியின் பின்னே இழுபட்டு, குழாயடி வாளிகளைச் சிதறடித்து, அணித்தலைவி மாக்ரெட்டின் வாசற்படியில் வண்டி முட்டி நின்றபோது, தானும் அதன் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். மாக்ரெட் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள்.

"அடியே பாக்கியம், நீ தேரை இழுக்கிறியா, தேர் உன்னை இழுக்குதா?"

சந்தே சிரித்தது. ரதியின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "அக்கா, நீங்க வழமை போல கை தட்டுங்க. இழுக்கிறதை நாங்க பாத்துக்கிறோம்."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம்," என்றாள் மாக்ரெட். "பங்குனி கடைசி ஞாயிறு ரெண்டு பேரும் நெறைஞ்ச வண்டியைப் புடிங்க. நான் செபமாலை சொல்லி, மணியில நேரத்தை எண்ணிக்கிறேன். யாரு கூடுதல் நேரம் தாங்குறாளோ, கடைசி முனை அவளுக்கு."

அன்று முழுதும் பாக்கியத்தின் வயிற்றுத் தழும்பு உள்ளுக்குள் சுண்டியது. அழுதாளா என்று கேட்பீராயின், வெங்காயம் பிரிப்பவளின் கண்ணீருக்கு யார் காரணம் தேடுவார்!

மறுநாள் விடியலில் அவளே வண்டியின் மூட்டைகளை ஒவ்வொன்றாய் இறக்கினாள். செல்லையாவின் முகம் கறுத்தது. வண்டிக்காரர் சந்தில் வெறும் வண்டி என்பது கூலி கிட்டாத நாளின் கோலம். அதனோடு வருபவன் எவர் முகத்தையும் நிமிர்ந்து பாரான்.

"வெறும் வண்டியா? ஊரு பாக்குமே."

"பாக்கட்டும். ரெண்டு வருசம் நான் சும்மா ஒக்காந்திருந்ததையும் ஊருதானே பாத்துச்சு?"

அவ்வாறே வெறும் வண்டியைத் தாங்கி நின்றாள். அதற்கே முழங்கால் ஆடிற்று, அடிவயிறு இழுத்தது. நீர் பிடிக்க வந்த பெண்கள் வாய்பொத்திச் சிரித்ததை அவள் பாராததுபோல் பார்த்தாள். முழுமூட்டைக்கு முன் அரைமூட்டை ஏறிற்று. காய்ச்சல் கண்ட கிழமையில் ஏறிய மூட்டை இறங்கிற்று. மழைநாளில் கால் வழுக்க, கல்லை மீண்டும் இடச்சொல்லி வெட்கமின்றிக் கூவினாள். புளித்த கள்ளைப்போல் வாயில் கசந்த அந்நாட்களைக் கடந்து, தொடையில் பழைய இறுக்கம் திரும்பியதை அவள் உணர்ந்தது பங்குனி பிறந்த பின்னர்தான். கொழும்பின் உயர்ந்த மாடங்களின் பயிற்சிக்கூடங்களில் பணங்கொடுத்து வியர்ப்போர் அதை எவ்வாறு அழைப்பரோ அறியோம். அவளோ, "கால் வீடு திரும்பிருச்சு" என்றாள்.

குறித்த ஞாயிறன்று நிறைவண்டியை முதலில் ரதி தாங்கினாள். மாக்ரெட்டின் விரல்கள் செபமாலையில் ஊர்ந்தன. முதற் பத்து மணிகள் உருண்டு முடிந்து அடுத்த பத்தில் விரல் நுழைந்ததும் ரதியின் குதிகால் கிளம்பிற்று. செல்லையா கல்லை இட்டான். பிறகு பாக்கியம் கயிற்றை ஏற்றாள். கல் அகன்றதும் வண்டி சற்றே நெளிந்து நின்றது. முகத்தில் நரம்புகள் புடைத்தன. புருவத்தினின்று வழிந்த வியர்வை கண்ணைக் கரித்தும் அவள் இமைக்கவில்லை. ரதி கைவிட்ட செபமணியை மாக்ரெட்டின் விரல் கடந்தது. இரண்டாம் பத்தும் முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கிய மாக்ரெட், "போதும்டி, மாதாவே களைச்சிருவா, விடு!" என்று கூவியபின்னரே அவள் கல்லை இடக் கண்காட்டினாள்.

ரதி அருகே வந்தாள். சிரிப்பில்லை. "என் எடத்த எடுத்துட்டீங்களேக்கா."

"ரெண்டு வருசம் இந்த முனையக் கீழ விடாம வச்சிருந்த. அதுக்கு நன்றி. இப்ப எனக்கு முன்னால நில்லு; நான் பின்னால இருக்கேன்."

வென்றவள் இளையாளுக்கு விட்டுக்கொடுத்தாள் என்று முடித்தால் கேட்போர்க்கு இனிக்கும். பாக்கியம் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்க அவள் வெறும் வண்டியோடு ஊர் பார்க்க நிற்கவில்லை. கைந்நடுக்கம் அடங்காமையால் செல்லையா தேநீரை அவள் வாயருகே பிடித்தான். அந்நடுக்கத்தை அவள் எவருக்கும் ஒளிக்காமல், படியில் நிமிர்ந்தமர்ந்து, சந்து முழுதும் காணக் குடித்தாள். போன வலிமை போனதுதான். அது தானாக வாராது. தன் இளைப்பைத் தன் கண்ணாலேயே அளந்து, அவ்வளவிலிருந்தே தொடங்க நாணாதார்க்கு மட்டும் அது ஒருநாள் மீளும்; மீண்டபின் அவர் தலைநிமிர்தலைச் செருக்கென்று உரைக்க உலகில் எவர்க்கும் உரிமையில்லை.