ததேயுஸின் தூண்டில் பை

தூண்டில்களைக் கட்டி வைக்க ததேயுஸுக்கு இரண்டு நாள் பிடித்தது. முட்டத்தில் அவனைப்போல வளைகுடாப் படகுகளுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் விடுப்பு முடிகிற நேரத்தில் முற்றத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே தூண்டில் கட்டுகிறவன் அவன் ஒருவன்தான். நெய்மீனுக்குப் பெரிய தூண்டில் முள், களவாய் மீனுக்கு அதைவிடத் தடித்த முள். மீன் கடித்து அறுக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு முழம் இரும்புக் கம்பி, அதன் மேல் நைலான் நரம்பு. மொத்தம் எண்பது.

பழைய ரப்பர் செருப்புகளை வாராக அறுத்து, முட்களின் கூர்முனைகளை அதில் குத்தினான். துருப்பிடிக்காமலிருக்க தேங்காய் எண்ணெய் தடவினான். பால்பொடி டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினான். ஈயக்கட்டிகளைப் பையின் அடியில் பரப்பி, கத்தியை அட்டையில் சுருட்டி நடுவில் வைத்தான். மீன் நிறுக்கும் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தால் இருபத்திரண்டு கிலோ.

"பிளேனுல முப்பது கிலோ உண்டுல்லா. வேற ஏதாவது வைக்கட்டா?" என்று கேட்டாள் மனைவி ரெஜிஷா.

"ஒண்ணும் வேண்டாம். இந்தத் தடவ இது போய்ச் சேரணும்."

போன தடவை போய்ச் சேரவில்லை. அன்று விசா எடுத்துத் தந்த ஏஜென்டின் மச்சினன் ஷாஜன் விமான நிலைய வாசலில் இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து, ததேயுஸின் எடைக் கணக்கில் ஏற்றிவிடச் சொன்னான். தூண்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றான். உள்ளே சோதனை செய்கிற இடத்தில் அத்தனையையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். பின்னால் நின்ற ஒருவன், பிளேனுக்குள் மீன் பிடிக்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தான். வெறுங்கையோடு போய் இறங்கியவனைப் படகின் கேப்டன் ஐஸ் அள்ளவும் சோறு பொங்கவும் விட்டுவிட்டார். பதினைந்து வருடம் கடலில் கிடந்தவன் மூன்று மாதம் வெங்காயம் உரித்தான். அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிப்பான்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு செல்வதாஸும் அவனும் ஒரே காரில் திருவனந்தபுரம் போனார்கள். இருவருக்கும் ஒரே படகு. வாசலில் ஷாஜன் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"அண்ணே, ஆளுக்கு ஒரு பெட்டி. இருபது கிலோதான். ஒங்க சாதனத்த கையில வச்சிக்கிடுங்க."

"தூண்டில கையில விடமாட்டான்வ. போன தடவ குப்பையில போட்டது ஒனக்கு ஓர்மையில்லியா?"

"அது அன்னைக்கு நின்ன ஆளு அப்படி. எல்லாரும் அப்படியா இருப்பான்?"

"இதுக்குள்ள என்ன கெடக்கு?"

"அங்க நம்ம மொதலாளிக்க வீட்டுக்கு வேண்டிய சாமானம். அதெல்லாம் நீங்க எதுக்கு கேக்கிய? விசா யாரு எடுத்துத் தந்தான்னு நெனச்சிப் பாருங்க."

செல்வதாஸ் ஏற்கெனவே தன் பையைத் திறந்து தூண்டில் பொதியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். "விடு மக்கா. இவன்வகிட்ட மல்லுக்கு நின்னா நமக்குத்தான் கேடு" என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.

ததேயுஸ் அந்த நடைபாதையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பையைத் திறந்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவனுடைய கைலியையும் உள்பனியனையும் பார்த்துக்கொண்டு போனார்கள். ஷாஜன் பக்கத்தில் நின்று போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பால்பொடி டின்னையும் ஈயத்தையும் கைப்பைக்குள் திணித்துவிட்டு எழுந்தபோதுதான் தன் பங்குக்கு வந்த பெட்டியை ததேயுஸ் சரியாகப் பார்த்தான். மேலே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் 'ததேயுஸ், முட்டம்' என்று எழுதியிருந்தது. அவனிடம் கேட்பதற்கு முன்பே, நேற்றோ முந்தாநாளோ, யாரோ அவன் பெயரை எழுதி முடித்திருக்கிறார்கள்.

பெட்டியையும் பையையும் தூக்கி ஏற்றினான். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பயணச்சீட்டு இல்லாத ஷாஜனுக்கு அதற்குமேல் வர அனுமதியில்லை.

செல்வதாஸின் பெட்டி முதலில் போனது. அடுத்து ததேயுஸ். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பெட்டியை எடைபோட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

"இந்தப் பெட்டி நீங்களே கட்டினதா?"

அவள் தினமும் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி அது. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். ததேயுஸுக்கு அந்த இரண்டு நாளும் கண்முன்னால் வந்தது. கம்பியை முறுக்கி முறுக்கி விரலில் விழுந்த வெட்டு இன்னும் ஆறவில்லை.

"இல்ல" என்றான். "நான் கட்டினது இந்தக் கைப்பையில இருக்கு. அந்தப் பெட்டி எனக்குள்ளது இல்ல. எனக்க பேர வேற ஒருத்தன் எழுதியிருக்கான். உள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். செல்வதாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "என்ன மக்கா சொல்லுக?"

"உள்ளதத்தான் சொல்லுகேன்."

மேலதிகாரி ஒருவர் வந்தார். பிறகு சீருடையில் இரண்டு பேர். ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய்ப் பெட்டியை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே ஒரு புது மிக்ஸி இருந்தது. நான்கு பொதி நேந்திரங்காய் சிப்ஸ், இரண்டு ஊறுகாய் பாட்டில், பூப்போட்ட மெத்தை உறைகள்.

ஏதாவது திருட்டுச் சாமானாக இருந்திருந்தால் அவனுக்குப் பயம் வந்திருக்கும். மிக்ஸியைக் கண்டதும் கண் இருட்டும்படி ஆத்திரம் வந்தது. யார் வீட்டிலோ சட்னி அரைக்கத்தான் அவன் மூன்று மாதம் வெங்காயம் உரித்தானா?

"அத எறக்கிருங்க சார். எனக்க பேர்ல அது போக வேண்டாம்" என்றான். சத்தம் அவனை அறியாமல் கூடிவிட்டது. சீருடைக்காரர் மெதுவாகப் பேசச் சொன்னார். பிறகு பால்பொடி டின்னைத் திறக்கச் சொன்னார். செருப்பு வாரில் வரிசையாகக் குத்தி நின்ற முட்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சாமானோட ஏத்திவிடு, கையில கொண்டு போகாத" என்று மட்டும் சொன்னார்.

டின்னும் ஈயமும் மறுபடியும் பெரிய பைக்குள் போயின. எடைபோட்டபோது முப்பதில் எட்டு கிலோ பாக்கியிருந்தது. ததேயுஸ் செல்வதாஸிடம் கையை நீட்டினான்.

"ஒனக்க தூண்டிலையும் தா."

செல்வதாஸ் தன் பொதியைக் கொடுத்தான்.

குடியேற்ற வரிசையில் நிற்கும்போது ஷாஜனின் போன் வந்தது. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவனை வாசலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"லேய், ஒனக்கு என்ன திமிரு? நாலு பேருக்க முன்ன என்ன நிக்க வச்சி கேள்வி கேக்கான்வ. அடுத்த வருசம் விசா புதுக்கணும், ஓர்ம இருக்கா?"

அண்ணே என்ற விளி போய்விட்டதை ததேயுஸ் கவனித்தான்.

"புதுக்காண்டாம். கேட்டியா ஷாஜா? புதுக்கவே வேண்டாம். ஆனா இனி எவன் பெட்டியிலயும் எனக்க பேர எழுதாத."

பஹ்ரைனில் இறங்கியபோது எப்போதும் அழைக்க வருகிற ஏஜென்டின் ஆள் வரவில்லை. நான்கு மணிநேரம் வெயிலில் நின்றார்கள். கடைசியில் கேப்டன் ஆன்ஸ்லினே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். குளச்சல்காரர், அதிகம் பேசமாட்டார். பாதி வழியில்தான் வாயைத் திறந்தார்.

"ஏஜென்ட் விளிச்சான். ஒன்னைய அடுப்படியிலேயே போடச் சொல்லுகான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"படகுல யாரு எங்க நிக்கணும்னு நான் பாத்துக்கிடுவேன்னேன். தூண்டில் இருக்குல்லா, பின்னணியத்துல போய் நில்லு. ஆனா விசா காரியத்துல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது, பாத்துக்கோ."

"அது தெரியும்."

மூன்றாம் நாள் விடியலில் பின்னணியத்தில், படகின் பின்புறம், இருவரும் நரம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து என்ன செய்வது என்று ததேயுஸுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த மிக்ஸியை நினைக்கும்போதெல்லாம் தாடை இறுகியது.

செல்வதாஸ் முள்ளில் இரை குத்திக்கொண்டே சொன்னான். "நானும் அன்னைக்கு கவுண்டர்ல சொல்லியிருக்கணும் மக்கா."

நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை ததேயுஸ் விழுங்கிக்கொண்டான்.

"அடுத்த தடவ சொல்லு" என்றான்.