தேர்வு முடியும்வரை

பக்கிரிசாமியின் கைப்பேசியில் அந்தப் படம் அனுப்பத் தயாராக இருந்தது. சிரித்த முகத்துடன் நல்லம்மாள், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, வீட்டு முகவரி. அவர் விரல் தொடுவதற்குள் புவனேஸ்வரன் தன் உள்ளங்கையால் திரையை மூடினார்.

"இப்ப வேணாம் மச்சான்."

"என்ன மாப்ள? உசுரு போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஊருக்குச் சொல்ல வேணாமா?"

"வேண்டியவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல மட்டும் போடாதீங்க. மத்தியானம் வரைக்கும்."

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மணி ஆறே முக்கால். பக்கிரிசாமி ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தார்.

"இன்னிக்கு அவ பாடம் எடுக்குற பசங்களுக்கு எஸ்.பி.எம். கவர்மென்ட் பரீட்சை, கெமிஸ்ட்ரி. எழுதுற பரீட்சை இல்ல, செஞ்சு காட்டுற பரீட்சை. கை நடுங்கிடும் மச்சான்."

"பரீட்சை பெருசா, என் தங்கச்சி பெருசா?"

சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தங்கையைப் படிக்க வைத்த மனிதர் அவர். கேட்க உரிமை உண்டு. புவனேஸ்வரன் திரைமேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

நேற்று மாலை நல்லம்மாள் மூச்சுக்கவசத்தைத் தானே தூக்கிவிட்டுப் பேசினாள். "பசங்க யாராச்சும் கேட்டா, தூங்குறேன்னு சொல்லுங்க. நாளைக்கு முடியட்டும்." அவ்வளவுதான். தாதி வந்து கவசத்தைச் சரி செய்துவிட்டுப் போனாள். விடியற்காலை நாலே முக்காலுக்கு இதயம் நின்றது.

பள்ளித் தலைமையாசிரியைக்குப் புவனேஸ்வரனே தொலைபேசியில் சொன்னார். மாணவர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வரும்வரை சொல்ல வேண்டாம், பிறகு வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் சரி என்றார்.

ஒன்பது மணிக்கு உடல் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்தது. மகள் ஷர்மினி கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். பந்தலுக்கு வந்த உறவுப் பெண் ஒருத்தி, வேலி முழுக்கக் கொடி படர்ந்திருந்தும் ஒரு சங்குப்பூகூட இல்லையே என்றாள். இருக்காது. திங்கட்கிழமைதான் நல்லம்மாள் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். முப்பத்தோரு வருடமாக அந்த வீட்டில் எதுவும் நிம்மதியாக இருந்ததில்லை. சோடா உப்பு, முட்டை ஓடு, எலுமிச்சை, புவனேஸ்வரன் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் கொண்டுவந்த துருப்பிடித்த சங்கிலிகூட ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

அவள் பாடம் நடத்தி அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை. மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனவர் சன்னலோரம் நின்றுவிட்டார். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீர். அதில் எலுமிச்சை பிழிந்தாள். நீலம் ஊதாவாகிச் சிவந்தது. ஏன் என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு, ஏதோ பேருந்துக்கு நிற்பவள் போல நின்றாள். புவனேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம். அவருக்கே வியர்த்துவிட்டது.

கடைசி வரிசையில் ஒரு பெண் பாதிக் கையைத் தூக்கினாள். எலுமிச்சை குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்தது, அந்தக் குளிர்ச்சியால் இருக்கும் என்றாள். வகுப்பு சிரித்தது. நல்லம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்னொரு குவளை நீலத் தண்ணீரையும் ஒரு கட்டி ஐஸையும் கையில் கொடுத்தாள். பெண் ஐஸைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். நீலம் நீலமாகவே இருந்தது. "அப்ப குளிர்ச்சி இல்ல," என்று அவளே சொன்னாள். மறுபடி யோசித்தாள். புளிப்பு என்றாள்.

"தப்புன்னு நீயே சொல்லியிருக்கலாமே," என்று அன்று வீட்டில் கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் ஐஸ் சொல்லிடுச்சே."

அந்தப் பெண்ணின் பெயர் ஃபஸீலா. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாலைந்து பேரோடு வீட்டுக்கே வருவாள். சமையல்கட்டில் கண்ணாடிப் பாத்திரங்கள் கணகணக்கும். இன்று அவளுக்கும் தேர்வு.

ஒரு மணிக்கு, காரியங்களை நடத்த வந்த பண்டாரம் எழுந்து நின்றார். "ஒன்றரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்கு முன்ன தூக்கிடணும்."

பக்கிரிசாமி மாப்பிள்ளையிடம் வந்தார். புவனேஸ்வரன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள?"

"இன்னும் கொஞ்சம் மச்சான். சுடலையில ரெண்டரைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

அவர் யாரையும் கேட்கவில்லை. ஒன்றரை ஆனது. பந்தலில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. பக்கிரிசாமி சாலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். ஷர்மினி வந்து தோளைத் தொட்டாள்.

"வருவாங்களாப்பா?"

"வருவாங்க."

சொல்லிவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார். வந்து என்ன கேட்பார்கள்? அவர்களுடைய டீச்சரின் சாவை அவர்களிடமிருந்தே மறைக்க இவர் யார்?

ஒன்று ஐம்பதுக்குப் பள்ளிப் பேருந்து முக்கில் திரும்பியது. வெள்ளைச் சீருடையில் இருபத்து மூன்று பேர் இறங்கினார்கள். விஷயம் தெரிந்து அரைமணிதான் ஆகியிருக்கும். முகங்கள் வீங்கியிருந்தன. ஃபஸீலா நேராக அவரிடம் வந்தாள்.

"ஏன் அங்கிள் காலையிலேயே சொல்லல?"

விடிந்ததிலிருந்து இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மன்னிச்சிடும்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைக் கடந்து உள்ளே போனாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். யாரும் அழவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதுபோல் இருந்தது. பிறகு அவள் குனிந்தாள்.

"டீச்சர், டைட்ரேஷன்தான் வந்துச்சு. மூணு தடவையும் ரீடிங் ஒத்துப் போச்சு டீச்சர்."

அவளுக்குப் பின்னால் வெய் ஜியே என்ற சீனப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலாயில் சொன்னான். அவனுக்கு முதல் தடவை தவறிவிட்டதாம். கீழே கொட்டிவிட்டு மறுபடி செய்தானாம். பயப்படவில்லையாம். அடுத்தவள் அமிலம் எத்தனை மில்லி ஆனது என்று அவளுடைய அளவைச் சொன்னாள். அதற்கடுத்தவன் அவனுடையதை. ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியருகே வந்து, தாழ்ந்த குரலில், எண்களைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பந்தலில் பேச்சு நின்றுபோயிருந்தது.

பக்கிரிசாமி எப்போது உள்ளே வந்தாரோ, புவனேஸ்வரனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள சொல்லுதுங்க?"

"என்ன செஞ்சாங்க, எப்படி வந்துச்சுன்னு சொல்லுதுங்க."

பக்கிரிசாமி கடைசிப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. பண்டாரம் ராகு காலம் என்று வாயெடுத்தார். பக்கிரிசாமி கையமர்த்தினார்.

"தூக்குவோம்," என்றார். பிறகு வெய் ஜியேயைப் பார்த்து, "தம்பி, நீ வா. இந்தப் பக்கம் புடி. அந்த இன்னொரு பையனையும் கூப்பிடு."

முன்பக்கம் புவனேஸ்வரனும் பக்கிரிசாமியும். பின்பக்கம் வெய் ஜியேயும், அவனையொத்த உயரத்தில் இன்னொரு மாணவனும். தோளுக்கு ஏற்றியதும் பெட்டி பின்னால் சரிந்தது. பையன்கள் குதிகாலை உயர்த்திப் பார்த்தார்கள், எட்டவில்லை. பக்கிரிசாமி முழங்காலை மடக்கினார். புவனேஸ்வரனும் மடக்கினார். பெட்டி சமமாயிற்று. அப்படியே, மடக்கிய கால்களை நிமிர்த்தாமல், இரண்டு பேரும் மெல்ல வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினார்கள்.