வாளியில் பூத்த வேலி

லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில், சிஞோரா என்று அவள் அழைக்கும் இத்தாலிய எசமானியின் வீட்டுத் தோட்டத்தை நாலு வருடமாக ஞானாம்பிகைதான் பார்த்து வந்தாள். குளிர் விடுமுன்பே, இலை வராத கொப்புகளில் மஞ்சளாய்க் கொட்டிப் பூக்கும் ஃபொர்சீத்சியா வேலி அவள் கைபட்டு வளர்ந்தது.

ஜனவரியில், தன் தங்கை வருகிறாள், வேலியைச் சுவர்போல மட்டமாய் வெட்டு என்றாள் சிஞோரா.

"இது போன வருசக் கொப்பிலைதான் பூக்கும், சிஞோரா. மொட்டு வந்திட்டுது. பூத்து முடிய வெட்டுறன்."

"எங்கள் செடியைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

ஞானாம்பிகை ஆத்திரத்தோடு வெட்டினாள். மொட்டுக் கொப்புகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கட்டாகக் கட்டி அல்பெர்கேரியாவில் இருந்த தன் வீடுவரை சுமந்து நடந்தாள்.

"விறகோ?" என்று கேட்டான் கணவன் விக்னராஜா.

"கதையாமல் வாளியிலை தண்ணி பிடியுங்கோ."

மார்ச்சில் வேலி மொட்டையாய் நின்றது. விருந்தினர் முன்னால் சிஞோரா கையை விரித்தாள். "இவள் கண்டபடி வெட்டிப் பூவையே கெடுத்துவிட்டாள். தென்னையைத் தவிர இவர்களுக்கு என்ன தெரியும்?"

ஞானாம்பிகை கோப்பித் தட்டை மேசையில் வைத்தாள்.

"பூ கெடேல்லை, சிஞோரா. நீங்கள் வெட்டச் சொன்ன கொப்பு அவ்வளவும் பெப்ரவரியிலை பூத்தது. என்ரை வீட்டிலை, வாளித் தண்ணியிலை, எங்கடை சாமிக்கு முன்னாலை. கேட்டிருந்தால் உங்களுக்கும் ஒரு கொப்பு தந்திருப்பன்."