ஆட்கொணர்வு

எம்.எல்.ஏ. சாமிதுரை தானே போன் செய்து வரச்சொன்னதுதான் அனுசுயாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆட்சி மாறியதிலிருந்து அரியலூருக்கு நடையாய் நடந்தும் அவரைப் பார்க்க முடியாமல் திரும்பியவள் அவள். இப்போது அவரே, "கார் அனுப்புறேன் தங்கச்சி" என்கிறார்.

"வேணாங்கண்ணே. பஸ்ஸுலயே வந்துடுறேன்."

அடுத்தவர் அனுப்பும் வண்டியில் ஏற அவளுக்கு மனம் துணியவில்லை. அவள் புருஷன் ராஜவேலை ஒரு வண்டிதான் கொண்டுபோனது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஊர்ப்பக்கம் விரிவாக்கக் கூடாது என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசியவன் ராஜவேல். மறுவாரமே விக்கிரமங்கலத்தில், டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவனை மப்டியில் வந்தவர்கள் இறக்கி வேனில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் கேட்டால், "நாங்க யாரையும் கூட்டியாரலையேம்மா" என்றார்கள். பஸ் நிறைய ஜனம் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போது எதிர்க்கட்சியில் இருந்த சாமிதுரைதான் தேடி வந்தார். ஜெயங்கொண்டம் மேடையில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ராஜவேல் எங்கே?" என்று தொண்டை கிழியக் கேட்டார். மகள் அபிநயாவின் தலையில் கைவைத்து, "நாங்க வந்தா மொத வேலை இதுதான்" என்றார். அவர் ஜெயித்தார். கட்சியும் வந்தது. சுரங்கமும் விரிந்தது.

எம்.எல்.ஏ. வீட்டு முற்றத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். அனுசுயாவை மட்டும் நேரே உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். சாமிதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அன்று ஸ்டேஷனில் கைவிரித்த இன்ஸ்பெக்டர். இப்போது டி.எஸ்.பி.

"காபி சாப்புடு தங்கச்சி" என்றார் சாமிதுரை. அவள் தொடவில்லை.

"நீ ஐகோர்ட்டுல போட்ட ஆட்கொணர்வு மனுவை வாபஸ் வாங்கிடு. கோவிச்சுக்கிட்டு வெளியூரு போயிட்டாருன்னு சொல்லிப்புடு. சத்துணவுல வேலை வாங்கித் தரேன். பொண்ணு படிப்பும் என் பொறுப்பு."

"அண்ணே, அவரு உசுரோட இருக்காரா? நீங்க மேடையில கேட்டதத்தான் நானும் கேக்குறேன்."

சாமிதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டி.எஸ்.பி.க்குப் பொறுமை போய்விட்டது.

"எங்கயாச்சும் பஸ்ஸேறிப் போயிருப்பான்மா. காலைத் தாங்கித் தாங்கி நடக்குறவனை எவன் கடத்திக்கிட்டுப் போறான்?"

ராஜவேலுக்கு இரண்டு காலும் திடமானவை. அன்று காலையில்கூட முந்திரி மரத்தில் ஏறிக் கிளை கழித்துவிட்டு, ஓடிப்போய்த்தான் பஸ் பிடித்தான்.

"அவரு நல்லாத்தானே நடந்தாரு" என்றாள் மெதுவாக. "காலை என்ன பண்ணுனீங்க?"

டி.எஸ்.பி.யின் முகம் வெளிறியது. "வேற யாரையோ நெனச்சுச் சொல்லிட்டேன்."

"கேட்டீங்கள்ல அண்ணே?"

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் சாமிதுரை. குரல் இறங்கியிருந்தது. "அபிநயா பெரம்பலூருலதான காலேஜ் படிக்குது? தெனம் தனியா பஸ்ஸுல போயிட்டு வருது. யோசிச்சு நடந்துக்க."

அவள் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள். பேசாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பேசியது அத்தனையையும் உரக்கச் சொன்னாள். சிலர் பையை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். பட்டா விஷயமாக வந்திருந்த சிந்தாமணி என்ற விக்கிரமங்கலத்துக்காரி மட்டும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த பஸ்ஸுல நானும் இருந்தேம்மா. இந்தா வாசல்ல நிக்கிறாரே, இந்தப் போலீசுக்காரருதான் படியில நின்னு ஆளைக் காட்டுனாரு. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

டி.எஸ்.பி.யோடு வாசலுக்கு வந்திருந்த சாமிதுரை அதைக் கேட்டார். திரும்பி உள்ளே போனார். டி.எஸ்.பி. போனை எடுத்தார்.

சிந்தாமணியோடு வக்கீல் ஆபீசுக்கு நடக்கும்போதே அனுசுயா மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நானே கூப்புடணும்னு இருந்தேன்" என்றாள் அபிநயா. "காலேஜ் கேட்டுல ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. அப்பா கெடச்சுட்டாராம். கூட்டிட்டுப் போறோம், வான்னு சொல்றாங்க."

"போயிடாதடி! கிளாசுக்குள்ள போ. டீச்சரை விட்டு நகராத. நான் வந்துடுறேன்."

பெரம்பலூர் போய்ச் சேரும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. அபிநயா ஆசிரியைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் கேட்டாள்: "அப்பா உண்மையிலயே கெடச்சுட்டாராம்மா?"

அனுசுயா அவளை அணைத்துக்கொண்டாள்.

மனு வாபஸ் ஆகவில்லை. சிந்தாமணி சொன்னபடி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாள். டி.எஸ்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் விசாரிக்க உத்தரவானது. ராஜவேலைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அனுசுயா இப்போது மகளோடு காலேஜ் வரைக்கும் போகிறாள். வகுப்பு முடியும்வரை வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் டீக்கடையில் புதிய முகங்கள் இரண்டு, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.